மளிகைச் சீட்டும் மனத்தின் விருப்பமும்

ஒரு வீட்டாருக்கு எது பிடிக்கும் என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. நேரே கேட்டுவிடலாம், அல்லது அவர்கள் கடைக்குப் போய்த் திரும்புகையில் பையை எட்டிப் பார்க்கலாம். முதல் வழி நாகரிகமானது. ஆனால் கேட்டால் கிடைக்கும் விடை எப்போதும் உள்ளத்திலிருந்து வருவதில்லை. விருந்துக்கு வந்தவர் "எதுவானாலும் சரி" என்பார். வீட்டு அம்மாவோ "எனக்கென்ன, பிள்ளைகள் சாப்பிட்டால் போதும்" என்பார். இரண்டாம் வழி சற்று நாகரிகக் குறைவுதான். ஆயினும் பொருளியல் அறிஞர்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பையை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்த்ததைக் கொண்டு கணக்கும் போடுகிறார்கள். அந்தக் கணக்கு எப்படிப்பட்டது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும், அஞ்ச வேண்டியதில்லை.

பொருளியல் பாடத்தில் 'பயன்பாடு' என்ற சொல்லை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். முதல் பழத்தில் இத்தனை பயன்பாடு, இரண்டாம் பழத்தில் அதைவிடக் குறைவு என்று அட்டவணை போட்டுத் தேர்விலும் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த எண்களை யார் அளந்தார்கள்? மனத்திற்குள் வைக்கத் தராசு ஏது? இந்தக் கேள்வி அறிஞர்களையும் உறுத்தியது. 1938-ஆம் ஆண்டில் பால் சாமுவேல்சன் என்ற அமெரிக்க இளைஞர், அப்போது அவருக்கு 22 வயது, ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். மனத்தை அளக்க வேண்டாம். விலை என்ன, என்ன வாங்கினார்கள் என்ற இரண்டு மட்டும் போதும் என்றார். பத்தாண்டுகள் கழித்து 1948-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு 'வெளிப்பட்ட விருப்பம்' என்ற பெயர் நிலைத்தது. 1970-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவரும் இவரே.

இப்போது நம் கலவைக் கடைத்தெருவுக்கு வருவோம். கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாரந்தோறும் முட்டைக்கும் வாழைப்பழத்திற்குமாக 120 ரூபாய் ஒதுக்குகிறார்கள். முதல் வாரம் முட்டை 6 ரூபாய், பழம் 4 ரூபாய். 16 முட்டையும் 6 பழமும் வாங்கினார்கள். 96-உம் 24-உம் 120, கணக்குச் சரி. மறுவாரம் முட்டை 5 ரூபாய்க்கு இறங்கியது. முகூர்த்த நாள்கள் வந்தபடியால் பழம் 6 ரூபாய்க்கு ஏறியது. இம்முறை 18 முட்டையும் 5 பழமும் வாங்கினார்கள். 90-உம் 30-உம் 120.

இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த வாரம் வாங்கியதற்குப் பதிலாக அந்த வாரத்துப் பையை வாங்கியிருக்க முடியுமா? இரண்டாம் வாரத்து விலையில் முதல் பை என்ன ஆகும் என்று பாருங்கள். 16 முட்டைக்கு 80, 6 பழத்திற்கு 36, ஆக 116 ரூபாய். கையில் 120 இருந்தது. வாங்கியிருக்கலாம், 4 ரூபாய் மிச்சமும் ஆகியிருக்கும். ஆனாலும் வாங்கவில்லை. ஆகவே இரண்டாம் பைதான் இவர்களுக்கு மேல் என்பது வெளிப்பட்டுவிட்டது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். முதல் வாரத்து விலையில் இரண்டாம் பைக்கு 108-உம் 20-உம் 128 ரூபாய் ஆகும். கையில் இருந்தது 120. ஆகவே முதல் வாரம் அந்தப் பையை வாங்காததால் அது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். இந்தக் கணக்கில் நமக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே. கைக்கு எட்டாததை வாங்காதவரைப் பார்த்து "அவருக்கு அதில் விருப்பமில்லை" என்று பேசுவது நம் ஊரில் சாதாரணம். சாமுவேல்சனின் கணக்கு அப்படிப் பேச இடம் கொடுப்பதில்லை.

இனி அடுத்த வீட்டுக்குப் போவோம். அவர்களும் முதல் வாரம் அதே 16 முட்டையும் 6 பழமும் வாங்கினார்கள். ஆனால் இரண்டாம் வாரம், முட்டை விலை இறங்கிய பிறகு, 6 முட்டையும் 15 பழமும் வாங்கினார்கள். 30-உம் 90-உம் 120. பணக் கணக்கில் பிழையில்லை. விருப்பக் கணக்கைப் போடுங்கள். இரண்டாம் வாரத்தில் முதல் பை 116 ரூபாய்க்குக் கிடைத்திருக்கும், அதை விட்டார்கள். ஆகவே இரண்டாம் பை மேல். முதல் வாரத்திலோ இரண்டாம் பையின் விலை 36-உம் 60-உம் சேர்ந்து 96 ரூபாய்தான், அதையும் விட்டிருக்கிறார்கள். ஆகவே முதல் பை மேல். ஒன்றைவிட மற்றது மேல், அந்த மற்றதைவிட முதலாவது மேல்! மாறாத ஒரே மனம் இந்த இரண்டு சீட்டுகளையும் எழுதியிருக்க முடியாது. இத்தகைய முரண் கூடாது என்பதையே சாமுவேல்சன் தம் எடுகோளாக வைத்தார்.

பொருள்கள் இரண்டானால் இப்படி இரண்டிரண்டாக ஒப்பிட்டால் போதும். மூன்றும் அதற்கு மேலும் ஆனால் முரண் சுற்றி வளைத்து வரும்: முதல் பை இரண்டாவதைவிட மேல், இரண்டாவது மூன்றாவதைவிட மேல், மூன்றாவதோ முதலாவதைவிட மேல். இரண்டிரண்டாகப் பார்த்தால் எதுவும் தவறாகத் தெரியாது. 1950-இல் ஹெண்ட்ரிக் ஹௌதாக்கர் என்பவர் இந்தச் சங்கிலியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று காட்டினார்.

சுற்று எதுவுமில்லை என்று கண்டுவிட்டால் அதன் பிறகு என்ன? இதற்கு விடை சொன்னவர் சிட்னி அஃப்ரியாட். மொராக்கோ நாட்டு ரபாத் நகரில் பிறந்த கணித அறிஞர். 1967-இல் அவர் வெளியிட்ட தேற்றம், சீட்டுகளில் சுற்று இல்லையென்றால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துவிடலாம் என்கிறது. ஒரு வாரத்து விலையில் வேறொரு பை எத்தனை ரூபாய் கூடுதலோ, அதற்கு மேல் அந்தப் பையின் மதிப்பெண் கூடக் கூடாது. எத்தனை ரூபாய் மலிவோ, அத்தனையாவது மதிப்பெண் குறைய வேண்டும். நம் முதல் குடும்பத்திற்கு இதைப் போட்டுப் பார்ப்போம். முதல் பைக்குப் பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் இரண்டாம் பை 8 ரூபாய் கூடுதல். ஆகவே அதன் மதிப்பெண் 8-க்கு மேல் போகக் கூடாது. இரண்டாம் வாரத்தில் முதல் பை 4 ரூபாய் மலிவு. ஆகவே இரண்டாவதின் மதிப்பெண் 4-க்குக் குறையக் கூடாது. 4 முதல் 8 வரை எது கொடுத்தாலும் சரியே. 6 என்று கொடுப்போம். உண்மையான தேற்றத்தில் ஒவ்வொரு வாரத்து ரூபாய்க்கும் தனித்தனி எடை உண்டு. நாம் எளிமைக்காக எல்லா வாரத்திற்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

பாடப் புத்தகத்தில் வந்த பயன்பாட்டு அட்டவணை இவ்வாறு திரும்பி வந்துவிட்டது. ஆனால் இப்போது அது யாரோ கற்பித்த எண் அல்ல. கடைச் சீட்டிலிருந்து பிறந்த எண். அதே சமயம் 4-உம் சரி, 8-உம் சரி என்பதால், எண்ணின் அளவுக்குப் பொருள் இல்லை. எது மேல், எது கீழ் என்ற வரிசைக்குத்தான் பொருள். இரண்டாம் குடும்பத்திற்கு இப்படி மதிப்பெண் போட முயன்று பாருங்கள். இரண்டாவது முதலாவதைவிடக் குறைய வேண்டும், முதலாவது இரண்டாவதைவிடக் குறைய வேண்டும் என்று வரும். எந்த எடை கொடுத்தாலும் முடியாது.

முடியாது என்பதோடு நிற்காமல், எவ்வளவு முடியாது என்றும் அஃப்ரியாட் கேட்டார். இரண்டாம் குடும்பத்து முரணின் இரண்டு முனைகளில் மெல்லியது எது? இரண்டாம் வாரத்து 120-உக்கும் 116-உக்கும் உள்ள 4 ரூபாய். அந்த 4 ரூபாயைக் கைத்தவறு என்று விட்டுவிட்டால் முரண் மறைந்துவிடும். 116-ஐ 120-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.97. இந்தக் குடும்பம் நூற்றுக்கு 97 பங்கு ஒழுங்காகத்தான் செலவிடுகிறது என்று சொல்லலாம். கடையில் நின்று நான்கு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்காதவரைப் பித்தர் என்று எவரும் சொல்லார்.

ஓர் ஆண்டுக்கு மாதம் ஒன்றாக 12 சீட்டுகள் இருந்தால் 132 ஒப்பீடுகள். பென்சிலும் பொறுமையும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான சீட்டுகளுக்குக் கணினி வேண்டும். 1982-இல் ஹால் வேரியன் அதற்கான முறையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்.

இவ்வளவும் கற்பனைக் குடும்பங்கள். உண்மைச் சீட்டுகள் எங்கே கிடைக்கும்? நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் வினாப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களை ஆராய்ந்து வரச் செய்தார். 1918-இல் வந்த அந்நூலில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று, காஞ்சிபுரத்தை அடுத்த தூசி. அந்நாளில் நம் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1936-37-இல் வேறு அறிஞர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். பின்னர் 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் புதிய நெல் வகைகளின் விளைவை ஆராய்ந்தார்கள். 1982 முதல் 1984 வரை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் வாஷிங்டனிலுள்ள பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் மீண்டும் அதே மாவட்டத்தில் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். பீட்டர் ஹேசலும் சி. இராமசாமியும் 1991-இல் வெளியிட்ட நூல் அதன் பயன். நெல் விளைச்சல் மட்டுமல்ல, வீட்டார் எதற்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்பதும் அதில் ஆராயப்பட்டது.

அந்த ஆய்வில் நம் கணக்குக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1982-83 வறட்சி ஆண்டு. 1983-84 மழை பெய்த ஆண்டு. ஒரு கூலிக் குடும்பத்தின் வருவாய் மறு ஆண்டில் நன்றாக உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வறட்சி ஆண்டில் வாங்கியதையெல்லாம் மழை ஆண்டில் வாங்கலாம். மழை ஆண்டில் வாங்கியதை வறட்சி ஆண்டில் வாங்கவே முடியாது. அப்படியானால் அவர்கள் என்ன வாங்கினாலும் முரண் வராது. சோதனையில் தேறிவிட்டார்கள் என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. தோற்க வழியில்லாத தேர்வு அது. வருவாய் அவ்வளவாக மாறாமல் விலைகள் மட்டும் ஏறி இறங்கினால்தான் இந்தக் கணக்குக்கு வேலை உண்டு.

நாடு முழுவதற்குமான சீட்டு, 1950-இல் பேராசிரியர் மகலனோபிஸ் முயற்சியால் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. 2022-23-ஆம் ஆண்டுச் சுற்றில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்று உணவு, மற்றச் செலவுகள், நீடித்து உழைக்கும் பொருள்கள் என்று பிரித்துக் கேட்டார்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்டால் பதில் சொல்பவர் களைத்துப் போவார் அல்லவா?

அரிசி விஷயத்தில் இன்னொரு சிக்கல். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி அட்டைக்கு விலையில்லாமல் அரிசி கிடைக்கிறது. விலை பூச்சியம், ஆனால் அளவுக்கு எல்லை உண்டு. ஒரு வீட்டார் தம் பங்கு 20 கிலோவையும் வாங்கிவிட்டுக் குறைக்குக் கடையில் பொன்னி வாங்கினால், ரேஷன் அரிசி பிடிக்கிறதா இல்லையா என்று சீட்டு சொல்லாது. சும்மா வருவதை யார் விடுவார்? ஆனால் பத்துக் கிலோ மட்டும் இட்லிக்கு வாங்கி, மீதிப் பங்கை விட்டுவிட்டுச் சோற்றுக்குப் பணம் கொடுத்துப் பொன்னி வாங்கினால், அந்தச் சீட்டு நிறையச் சொல்கிறது.

இனி இரண்டாம் குடும்பத்துக்குத் திரும்புவோம். அவர்களை 'முரண் உள்ளவர்கள்' என்று எழுதி மூடிவிட நமக்கு மனமில்லை. நம் பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். இராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும், மேற்கே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலும் காலணியும்தான் பெருந்தொழில். காலணித் தொழிற்சாலைகளில் தையலிலும் ஒட்டுவதிலும் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்குடன் கம்பெனி வண்டிக்காகச் சாலையோரம் நிற்கும் அக்காமார்களை நாம் பார்க்காத நாளில்லை. நம் இரண்டாம் குடும்பத்தில் முதல் வாரம் கடைக்குப் போனவர் அப்பா என்றும், இரண்டாம் வாரம் சம்பளக் கவருடன் போனவர் அம்மா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு முட்டை முக்கியம்; அம்மாவுக்குப் பழம் முக்கியம். அவரவர் மனத்தில் எந்த முரணும் இல்லை. ஒரே மனம் எழுதியிருக்க முடியாது என்று கணக்குச் சொன்னது சரிதான். எழுதியது இரண்டு மனங்கள்!

1988-இல் பிரெஞ்சு அறிஞர் பியர்-அந்திரே கியாப்போரி, குடும்பத்தை ஒரே ஆளாகக் கருதும் பழக்கத்தை விட்டு, தனித்தனி விருப்பமும் தனித்தனிப் பேச்சுரிமையும் உள்ளவர்களின் கூட்டமாகக் கருதிக் கணக்கு அமைத்தார். பேச்சுரிமையின் அளவு யார் சம்பாதிக்கிறார் என்பதைப் பொறுத்தும் மாறலாம். 2007-இல் மூன்று ஆய்வாளர்கள் இதை அஃப்ரியாட்டின் வழியில் சோதிக்கும் முறையைக் கண்டார்கள். இருவர் உள்ள குடும்பத்தை முரண் என்று தள்ளக் குறைந்தது மூன்று பொருளும் மூன்று சீட்டும் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் குடும்பத்திடம் இருப்பவை இரண்டு பொருள், இரண்டு சீட்டு. ஆகவே விடுதலை.

அமர்த்தியா சென் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். 1973 முதலே அவர், தேர்ந்தெடுப்பது வேறு, விரும்புவது வேறு என்று வாதிட்டு வந்தவர். தட்டில் கடைசியாக ஒரே ஆப்பிள் இருந்தால் பண்புள்ளவர் எடுக்க மாட்டார். இரண்டு இருந்தால் ஒன்றை எடுப்பார். ஆப்பிளின் மேலுள்ள ஆசை இரண்டு சமயங்களிலும் ஒன்றே. இதைப் படித்தபோது எங்களுக்கு ஆப்பிள் நினைவுக்கு வரவில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மீன் குழம்பில் மீனில்லாத பங்கை ஊற்றிக்கொள்ளும் அம்மாக்களே நினைவுக்கு வந்தார்கள். அந்தத் தேர்வைக் கொண்டு, அம்மாவுக்கு மீன் பிடிக்காது என்று எந்த வேரியனும் கணக்குப் போட்டுவிடக் கூடாது.

வீட்டுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு எப்படி என்று செலவுக் கணக்கிலிருந்தே காண முயன்றவர்களும் உண்டு. 2015-இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் 1989-இல் ஒரு தந்திரம் செய்தார். புகையிலை, மது போன்ற பெரியவர்களுக்கே உரிய செலவுகளைப் பார்த்தார். ஆண் குழந்தை பிறந்தால் அவை எவ்வளவு குறைகின்றன, பெண் குழந்தை பிறந்தால் எவ்வளவு குறைகின்றன? ஐவரி கோஸ்ட், தாய்லாந்து ஆகிய நாடுகளின் கணக்குகளில் வேற்றுமை ஏதும் தென்படவில்லை. வேற்றுமை இல்லையா, அல்லது சீட்டில் தெரியவில்லையா? 2005-இல் கீதா காந்தி கிங்டன், 1994-ஆம் ஆண்டின் இந்தியக் கிராமக் கணக்குகளில் கல்விச் செலவை ஆராய்ந்தார். பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் செலவை மட்டும் ஒப்பிட்டால் பல மாநிலங்களில் பெரிய வேற்றுமை தெரியவில்லை. பெண்ணைப் பள்ளியில் சேர்ப்பதா வேண்டாமா என்ற முதல் முடிவில்தான் வேற்றுமை ஒளிந்திருந்தது. செலவே இல்லாத பூச்சியங்கள் அவை. மொத்தச் சராசரியில் கலந்துவிட்டால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சீட்டில் '16 முட்டை' என்று எழுதியிருக்கும். எந்தத் தட்டில் எத்தனை விழுந்தது என்று எழுதியிராது. வீட்டுச் சீட்டில் முட்டை குறைந்தால் ஆசை குறைந்தது என்று கொள்ளவும் முடியாது, 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் இப்போது தட்டுக்கு ஒரு முட்டை வருகிறது. அங்கே அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே எண்ணிக்கை.

கணக்கெடுப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2011-12-ஆம் ஆண்டுச் சுற்றின் படிவத்தில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் முட்டையும் வீட்டுக்கு மொத்தமாகவே கேட்கப்பட்டன. உணவைப் பற்றி ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை இருந்த இடம் வேறொன்று. கடந்த 30 நாள்களில் இவர் பள்ளியில் இலவசமாக எத்தனை வேளை உண்டார், வேலை கொடுத்தவரிடம் எத்தனை வேளை, காசு கொடுத்து வெளியில் எத்தனை வேளை, வீட்டில் எத்தனை வேளை என்ற கட்டங்கள் அங்கே இருந்தன. அந்தக் கட்டங்களில் பாட்டிக்கும் பேத்திக்கும் அண்ணனுக்கும் தனித்தனி எண் உண்டு. வேளைகளின் எண் மட்டும்.